நடுவில் நிற்கும் குரல்

அந்தக் கடைக்கு நான் போனது இரண்டாவது தடவை. பழைய கட்டடத்தின் முதல் மாடி. படியேறும்போதே சூடான ஈயத்தின் வாசனை மூக்கில் ஏறும். கடைக்காரர் ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்துப்போட்டு அதன் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வாங்க சார். ஹெட்போன் எப்படி இருக்கு?"

எட்டு மாதம் ஆகியிருந்தது. மனிதர் மறக்கவில்லை.

"வெளிச் சத்தம் துளிகூட உள்ள வரக்கூடாதுன்னு நாலு செட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்தீங்களே! நான்கூட நம்ம பையன்கிட்ட சொன்னேன், இவர் வீட்டுல யாரோ ரொம்பப் பேசுவாங்க போலன்னு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது இப்ப வேண்டாம். கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வேணும். இனிமே காதை மூடிக்கிற சாமான் எதுவும் வேண்டாம்."

நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவன். கல்லூரிப் பாடங்களைப் பதிவுசெய்து அனுப்புவார்கள். அதில் இருக்கும் இருமல், மின்விசிறி இரைச்சல், நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துச் சுத்தம் செய்து கொடுப்பேன். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை எட்டரைக்குப் போனால் திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும்.

இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவளுடைய அம்மா எங்களோடு வந்து தங்கினார். பகல் முழுவதும் வீட்டில் நானும் அத்தையும்தான். அவர் கட்டில் பக்கத்து அறையில்.

தொந்தரவு செய்கிற மனுஷி இல்லை. மருமகனிடம் ஒரு வேலை சொல்ல அவருக்குக் கூச்சம். தண்ணீர் வேண்டும், போர்வை விலகிவிட்டது என்று நேராகச் சொல்ல மாட்டார். முதலில் மெல்லிய குரலில் கேட்பார்.

"மாப்பிள்ளை, வேலையா இருக்கீங்களா?"

"சொல்லுங்க அத்தை" என்று நான் சொன்னால்தான் மேற்கொண்டு பேசுவார். நான் பேசாமல் இருந்தால் அடுத்த அரைமணி நேரத்துக்கு மறுபடி கூப்பிட மாட்டார். அந்தக் கூச்சத்தை நான் எனக்கு வசதியாக்கிக்கொண்டேன். ஹெட்போன் வாங்கினேன். வேலைக்கு என்று மனைவியிடம் சொன்னேன்.

ஒருநாள் மத்தியானம் இரண்டரை மணி. ஹெட்போன் காதில் இல்லை, கையில் இருந்தது. அத்தை கூப்பிட்டார். வழக்கமான கேள்வி இல்லை. "மாப்பிள்ளை" என்று மட்டும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "மாப்பிள்ளை."

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். சத்தத்தையும் கூட்டி வைத்தேன்.

நாலு மணிக்கு மேல் அந்தக் கதவைத் திறந்தேன். பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே சரிந்திருந்தது. ஒரு கை தரையில் ஊன்றியிருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கி நேராகப் படுக்க வைத்தேன். கண்களை மூடினேன். மார்பு வரை போர்த்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் மனைவிக்குப் போன் செய்தேன்.

"தூக்கத்துலயே போயிட்டாங்க. ஒரு சத்தமும் இல்ல."

டாக்டரும் இதயம் நின்றுவிட்டது என்றார். மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க பக்கத்துல இருந்தீங்களே, எனக்கு அது போதும்" என்றாள். அன்றிலிருந்து ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை எனக்கு.

கடைக்காரர் கேள்விகளை அடுக்கினார். அறை எவ்வளவு பெரியது? மேஜை சுவரை ஒட்டியிருக்கிறதா?

"சுவரை ஒட்டியா? அப்ப பின்பக்கம் ஓட்டை இருக்கிற பெட்டி வேண்டாம். சத்தம் குடத்துக்குள்ள பேசுற மாதிரி அதிரும். முன்பக்கம் ஓட்டை இருக்கிறதை எடுங்க. ஆம்ப்ளிஃபயர் உள்ளயே இருக்கிறதா பார்த்துக்கலாம், தனியா வாங்க வேண்டியதில்ல. உங்க வேலைக்குத் தடதடன்னு அடிக்கிற பெட்டி எதுக்கு? பேச்சுக் குரல் தெளிவா இருக்கணும், அவ்வளவுதானே?"

என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் தெருவின் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது. மூன்று ஜோடி ஸ்பீக்கர்கள் காது உயரத்தில் இருந்தன. நடுவில் ஒரு நாற்காலி.

"ரெண்டு பெட்டிக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ, பெட்டிக்கும் உங்களுக்கும் அதே தூரம் இருக்கணும். சரியா வெச்சா, பேசுறவர் இந்தப் பெட்டியிலயும் இருக்க மாட்டார், அந்தப் பெட்டியிலயும் இருக்க மாட்டார். நடுவுல, ஒண்ணுமே இல்லாத இடத்துல நிப்பார்."

அவர் கை காட்டிய இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது.

"முதல்ல எதையும் ஓடவிடாம கேளுங்க. மட்டமான பெட்டி சும்மா இருக்கும்போதே உஸ்ஸுன்னு இரையும். நல்ல பெட்டி வாயே திறக்காது."

வெளியே போன் மணி அடித்தது. கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

முதல் ஜோடி இரைந்தது. இரண்டாவது ஜோடி அதைவிட மெல்லமாக இரைந்தது. மூன்றாவது ஜோடியின் பொத்தானை அழுத்தினேன். நீல விளக்கு எரிந்தது. சத்தமே இல்லை. என் காதுக்குள் ரத்தம் ஓடுவதே கேட்டது.

அப்போது தைல வாசனை வந்தது.

அத்தை இடுப்புக்குத் தடவுகிற தைலம். அந்தப் புட்டியை நானே குப்பையில் போட்டிருந்தேன்.

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"மாப்பிள்ளை..."

கதவு திறந்தது. கடைக்காரர் கையில் ஒரு முக்காலி.

"அம்மாவும் கூட வந்திருக்காங்கன்னு சொல்லவே இல்லையே சார். நிக்கவெச்சுட்டோமே..."

அறையைச் சுற்றிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். முக்காலியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"உள்ள பேச்சுக்குரல் கேட்டுதே" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

"இந்த ஜோடியையே கட்டிக் கொடுங்க" என்றேன்.

ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை. எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் கூப்பிடுவது காதில் விழுந்தும் விழாததுபோல் விலகுவது எனக்கு இரண்டாவது தடவையாக இருந்திருக்கும்.

மறுநாள் மேஜையில் டேப் வைத்து அளந்து பொருத்தினேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காதுக்கு நேராக. இரண்டரை மணிக்கு ஒரு பேராசிரியரின் பாடத்தை ஓடவிட்டேன். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. பேராசிரியர் என் முன்னால் நடுவில் நின்று பேசினார். ஒரு இருமலை வெட்டுவதற்காகப் பாடத்தை நிறுத்தினேன்.

"மாப்பிள்ளை, வேலையா இருக்கீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமல் எட்டிப் பிளக்கைப் பிடுங்கினேன். நீல விளக்கு அணைந்தது.

"மாப்பிள்ளை."

இடது பெட்டியை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினேன். அப்படித் தள்ளினால் குரலும் இடம் மாற வேண்டும். மாறவில்லை.

அது பெட்டிகளின் உயரத்திலும் இல்லை.

கீழே இருந்தது. தரையிலிருந்து ஒரு முழம் மேலே. கட்டிலிலிருந்து சரிந்து தொங்குகிற ஒரு தலையின் உயரத்தில்.

தினமும் இரண்டரைக்கு அது வந்தது. தினமும் நான் பதில் சொல்லவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு அது ஓயும் வரை உட்கார்ந்திருப்பேன். ஸ்பீக்கரை மறுபடி மின்சாரத்தில் செருகவே இல்லை. வேலைகள் தேங்கின.

சனிக்கிழமை மனைவி மத்தியானமே வந்துவிட்டாள். அவளுக்கு டீ போட்டு எடுத்து வந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் திரை இருட்டாக இருந்தது. அவள் கைகள் மடியில் கிடந்தன.

"ஏங்க, இதை எப்ப ரெக்கார்ட் பண்ணீங்க?"

"எதை?"

"அம்மா குரலை. உங்களைக் கூப்பிடறாங்க. மூச்சு வாங்குது. மறுபடி கூப்பிடறாங்க." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்க ஏன் பதிலே சொல்லல?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையில் வைத்திருந்த ஹெட்போன், கூட்டி வைத்த சத்தம், தூக்கி நேராகப் படுக்க வைத்தது வரைக்கும். டீயில் ஆடை படிந்தது. அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கண்ணு திறந்திருந்துச்சா?"

"ம்."

"எந்தப் பக்கம் பார்த்துட்டு இருந்தாங்க?"

"கதவுப் பக்கம்."

எழுந்து போய்த் தலையணையை எடுத்தாள். அம்மாவின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அங்கேதான் படுக்கிறாள். ஸ்பீக்கரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று வெளியே நின்று கேட்டேன்.

"தொடாதீங்க" என்று மட்டும் உள்ளிருந்து பதில் வந்தது.

அதன்பிறகு எனக்குக் குரல் கேட்பது நின்றுவிட்டது. அவளுக்கு நிற்கவில்லை. வேலையிலிருந்து வந்ததும், தோள்பையைக்கூட இறக்காமல் அந்த நாற்காலியில் போய் உட்காருவாள். தலையை ஆட்டுவாள். "அப்புறம்?" என்று மெல்லக் கேட்பாள். ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"ஏதேதோ. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப நடந்தது."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

தோள்பையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இல்ல. ஒண்ணும் கேக்கல."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நேற்று அவள் வெளியே போயிருந்தாள். ஜன்னல் வழியாக நல்ல வெயில். நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒயர்களை முதல் வாரத்திலேயே கழற்றிச் சுருட்டி அலமாரியில் வைத்திருந்தேன். பெட்டிகள் இரண்டும் வெறும் பெட்டிகளாக நின்றன.

"அத்தை" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நான்தான். அன்னிக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

முன்னால் குனிந்து காதைப் பெட்டியருகே கொண்டுபோனேன்.

பெட்டியின் முன்பக்கத்து வலையைக் கழற்றினேன். உள்ளே இருந்த கறுப்புக் கூம்பு பின்னால் இழுபட்டு நின்றது. சத்தம் வரும்போது ஒரு கணம் உள்ளே போய் வெளியே வருமே, அப்படிப் போன கூம்பு திரும்பி வராமல் அங்கேயே நின்றது.

அடுத்த பெட்டியையும் திறந்தேன். அதுவும் அப்படித்தான்.

"மன்னிச்சிருங்க அத்தை."

என் கண்ணெதிரே இரண்டும், பேசுவதற்கு முன் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல, இன்னும் ஒரு நூல் அளவு உள்ளே போயின.

விரல் நுனியை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பேசாமல் காத்திருந்தேன். மாலை ஆறரைக்கு மனைவியின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும் வரை காத்திருந்தேன்.

உள்ளே இழுத்த அந்த மூச்சு வெளியே வரவேயில்லை.