ஒரு கரண்டி உப்புண்ணி

செவ்வாய். இந்த வாரம் தொட்டிமுறை எங்கள் வீட்டுக்கு. கடலில் நிற்கும் கோபுரத்தின் ஏழாம் தளம் எங்களுடையது. காலையில் தளத்தின் தொட்டியில் ஒரு கரண்டி உப்புண்ணி விட்டேன். கடல்நீரின் உப்பைத் தின்னும் இந்த நுண்ணுயிர் மணிக்கு இருமடங்காகப் பெருகும். எட்டு மணி நேரத்தில் 256 கரண்டி. கரண்டிக்கு ஒரு குடம் குடிநீர். அது போதாதபோதெல்லாம் சீட்டுக் குலுக்கிச் சில குடும்பங்களைக் கரை முகாமுக்கு அனுப்புவார்கள். இம்முறை என் வகுப்புத் தோழன் ஜெபசீலன் வீட்டுப் பெயர் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை படகு.

மாலை வகுப்பில் அடுக்குக் குறி பாடம். ஓர் எண்ணுக்குப் பின் இரட்டை நட்சத்திரமும் இன்னோர் எண்ணும் போட்டால், முதல் எண்ணை அத்தனை முறை அடுக்கிப் பெருக்கும். பயிற்சிக்குத் தொட்டியை இயக்கும் கணினி நிரலையே எடுத்தேன்: (கரண்டி * 2) ** 8. முன்பு ஒருமுறை தொட்டி பொங்கி வழிந்ததிலிருந்து, எங்கள் தளத்தில் எதையும் பாதுகாப்புக்காக அடைப்புக்குறிக்குள் போட்டே எழுதுவோம். நிரலின் கணிப்பு ஆயிரம் கரண்டியைத் தாண்டினால் தொட்டியின் மூடி திறக்காது; அதனால் என்றைக்கும் ஒரு கரண்டிதான்.

இரண்டு கரண்டி என்று கொடுத்துப் பார்த்தேன். 65,536 என்றது. கையால் பெருக்கினேன்: 512. என் கணக்கில்தான் பிழை இருக்கும் என்று மறுபடி பெருக்கினேன். மீண்டும் 512. ஜெபசீலனிடம் காட்டினேன்.

“ஏட்டி, எங்க அப்பா காலத்துல இருந்து ஓடுற நிரல்ல நீ தப்பு கண்டுபிடிச்சிட்டியாக்கும்?”

“அடைப்பு கரண்டியையும் சேத்துல்லால எட்டு தடவ பெருக்குது? ரெட்டிக்கிறது மட்டுந்தான எட்டு தடவ நடக்கணும்!”

“அப்போ ஒரு கரண்டிக்கு மட்டும் எப்படிச் சரியா வருது?”

“ஒண்ண எத்தன தடவ பெருக்குனாலும் ஒண்ணுதான.”

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. “அப்போ நாங்க எதுக்குட்டி போறோம்?”

புதன். அடைப்பை நீக்கினேன். இனி அடுக்கு முதலில், பெருக்கல் பிறகு. மூன்று கரண்டி என்று கொடுத்தேன். 768 என்று காட்டி மூடி திறந்தது. மூன்று கரண்டியையும் உள்ளே விட்டேன்.

“பொங்குச்சுன்னா ஒன்னையும் எங்ககூட படகுல ஏத்திருவாங்க,” என்றான் ஜெபசீலன்.

“வாய மூடுல.”

நாள் முழுவதும் அளவுமானியை விட்டு நகரவில்லை. எட்டாம் மணியில் 768. தொட்டி வழியவில்லை. குழாய் திறந்ததும் தளமே குடங்களோடு கத்தியது. ஜெபசீலன் முதல் குடத்தைத் தூக்கி அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டான். ஏழாம் தளத்தில் யாரும் செய்திராத வீண்செயல். ஒருவரும் அவனைத் திட்டவில்லை.

இன்று மாலை வகுப்பில் பாடம் நடக்கவில்லை. எல்லாக் கணினி முனையங்களிலும் உட்கார்ந்து, முன்பு சீட்டு விழுந்து போனவர்களை ஒவ்வொருவராகக் கரை முகாமில் அழைத்தோம். என் முனையத்தில் முதலில் எடுத்தவர் குரல் தயங்கியது: “நெசமாவா? பிள்ளையளயும் கூட்டிட்டு வரலாமா?”

“எல்லாரும் வாங்க,” என்றேன். இந்தக் கணக்கை மட்டும் நான் சரிபார்க்கவில்லை.