சொட்டி இல்லாத ஓடை

கனடாவின் மேற்குக் கரையில் இப்போதெல்லாம் சால்மனை யாரும் தேடி அலைவதில்லை. ஊர்மணச் சொட்டியை எங்கே மாட்டுகிறார்களோ அங்கே அது வந்து நிற்கும். பிறந்த நீரின் மணத்தை வைத்துத்தானே கடலிலிருந்து அது வழி கண்டுபிடிக்கிறது! அப்படியொரு மணத்தைச் செய்து, ஓடையில் சொட்டுச் சொட்டாக விடும் பெட்டியில் அடைத்து, குஞ்சுகளுக்குப் பழக்கிவிட்டார்கள். ஓடை செத்தால் என்ன, பெட்டியைக் கழற்றி அடுத்த ஓடையில் மாட்டினால் போயிற்று. அந்தத் துணிச்சலில் பெட்டி வந்த மறுவருடமே கரையில் மரம் வெட்ட அனுமதி கொடுத்தார்கள்.

ஏழாம் ஓடைக்கு மட்டும் பெட்டி இல்லை. ஆய்வாளர் யசோதினி அலுவலகத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய தவணை அது. இந்தப் பருவத்துக்குள் நூறு மீன் தானாக வந்தால் கரை மரங்களோடு ஓடை தப்பும். இன்று கடைசி நாள், இதுவரை ஒன்றுகூட வரவில்லை.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடுப்புவரை ஏறும் ரப்பர் சப்பாத்தோடு தண்ணீருக்குள் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தாள்.

"ஒருக்கா கரையில இருங்கோவன். நீங்கள் நடந்தா மீன் வந்திடுமே?" என்றான் கூட வேலை செய்யும் குகநேசன்.

வந்தது. முதல்நாள் மழையில் நீர் ஏறியிருந்தது. மதியத்துக்குப் பிறகு வளைவில் சிவப்பு முதுகுகள் தெரிந்தன. ஐம்பது, எண்பது, நூற்று நான்கு! யசோதினி வாய்விட்டு அழுதாள்.

"அதென்ன, எல்லாம் உங்கட காலையே சுத்துது?" என்றான் குகநேசன்.

அவள் பத்தடி தள்ளி நின்றாள். மீன்களும் பத்தடி தள்ளின. இன்னும் பத்தடி போனாள், அதேதான். அவள் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தாள். ஆறு வருடமாக மற்ற ஓடைகளின் பெட்டிகளுக்கு மணநீர் நிரப்பியவள் அவள். எத்தனை தரம் கழுவினாலும் அந்த ரப்பர் மணத்தை விடவில்லை.

"வேற ஆர் பாத்தது? நூறு தாண்டிட்டுது எண்டு எழுதி அனுப்புவம்," என்றான் குகநேசன்.

அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதற்குள் ஒரு பெண்மீன் அவள் காலடியிலேயே வாலால் சரளையைக் கிளறி முட்டையிடத் தொடங்கிவிட்டது. இனி அசைந்தால் மிதிபடும்.

"எழுதுங்கோ," என்றாள். "ஏழாம் ஓடைக்குப் பெட்டி வந்திட்டுது. பேர் யசோதினி."

குகநேசன் பேனாவைத் திறக்கவில்லை. குளிர் நீரில் பல் கிட்டிக்க, அந்த மீன் முட்டையிட்டு முடியும்வரை அவள் அப்படியே நின்றாள்.