சத்தம் புகாத அறையில் கௌசர்

ராயபுரத்து மனநல ஆஸ்பத்திரிக்கு நசீரும் அவன் தங்கை கௌசரும் வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. துறைமுகத்துப் பக்கமிருந்து மீன் வாடையும் டீசல் புகையும் வீசின. நசீர் கன்டெய்னர் கிரேன் ஓட்டுபவன். சில மாதங்களாக, அவன் தனியாக இருக்கும் அந்த உயரத்துக் கேபினில் யாரோ அவனைத் திட்டும் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வேலையை விட்டுவிட்டான்.

டாக்டர் எல்சி அவன் தலையில் வயர்கள் வைத்த தொப்பியை மாட்டி, சத்தம் புகாத ஒரு சிறிய அறையில் உட்கார வைத்தார். மைக்கில் "ஆ" என்று சொல்லச் சொன்னார். பிறகு வெளியே அழைத்து விளக்கினார்.

"நாம பேசும்போது, வரப்போறது நம்ம குரல்தான்னு மூளை காதுக்கு முன்கூட்டியே சொல்லிடும். உங்களுக்கு அது சரியா நடக்கல. அதனாலதான் உங்க நெனப்பே வேற யாரோ பேசற மாதிரி கேக்குதுன்னு நாங்க நினைக்கிறோம்."

"அப்ப என்னைத் திட்டினது நான்தானா?" நசீருக்கு அழுகை வந்தது. பாரம் இறங்கிய அழுகை.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவர் வேண்டும் என்றார் டாக்டர்.

"நான் குந்துறேன்" என்றாள் கௌசர்.

கனமான கதவு மூடியது. கதவிலிருந்த கண்ணாடி வழியாக அவள் வாய் திறப்பது தெரிந்தது.

கரண்ட் போனது.

கண்ணாடி கறுத்துவிட்டது. இருவரும் கைப்பிடியை இழுத்தார்கள். கதவு அசையவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

விளக்கு எரிந்ததும் கதவு லேசாகத் திறந்துகொண்டது. கௌசர் சிரித்தபடி வெளியே வந்தாள்.

நசீர் பிடித்தபோது அவள் கை சில்லென்றிருந்தது.

டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்தது. திட்டும் குரல் அடங்கியது. நசீர் நன்றாகத் தூங்கினான். ஒரு நாள் காலை, தண்டையார்பேட்டை வீட்டில் கௌசர் அவனுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசையவில்லை. ஆனால் அவள் குரல் அவன் காதோரம் கேட்டது.

"அண்ணே, நான் இன்னும் உள்ளதான் கீறேன். கதவத் தொறக்கச் சொல்லு."

யாரிடம் சொல்வது? இது தன் மூளையின் வேலை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். மாத்திரையை விழுங்கினான். குரல் தினமும் வந்தது. நாளுக்கு நாள் மெலிந்தது.

"காத்தே இல்ல, அண்ணே."

"இன்னா அண்ணே, மறுபடியும் எதனா கேக்குதா?" எதிரே இருந்தவள் பிரியமாகக் கேட்டாள்.

"இல்ல" என்றான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது தாங்க முடியாமல் எல்சியிடம் சொல்லிவிட்டான். அவர் பொறுமையாகக் கேட்டார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த கௌசரைக் காட்டினார். பிறகு அந்த அறையைத் திறந்தார். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மைக். யாரும் இல்லை.

நசீருக்கு வெட்கமாக இருந்தது.

எல்சி கதவை மூடினார். "மைக்லயும் ஒண்ணும் இருக்காது, பாருங்க" என்று வெளியே இருந்த ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

அவர் முகம் வெளுத்தது.

"நசீர்," அவர் ஹெட்போனைக் கழற்றினார். "எனக்கும் கேக்குது."

நசீர் கதவை நோக்கிப் பாய்ந்தான்.

அதற்குள் கௌசர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்திருந்தாள். கதவில் முதுகைச் சாய்த்து நின்று, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.