ஏழு எழுத்துத் திருடன்

திங்கட்கிழமை காலை போமி தன் டேப்லெட்டைத் திறந்தாள். அவள் வரைந்த புலியைக் காணோம்!

மூன்று வாரம் பாடுபட்டு வரைந்த புலி அது. வெள்ளிக்கிழமைக்குள் ஓவியப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். கொரியாவின் இன்சோன் நகரத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கல்வி அலுவலகம் விசைப்பலகையோடு டேப்லெட் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் திருட்டா?

புலி இருந்த இடத்தில் ஏழு ஆங்கில எழுத்துகள் இருந்தன.

aldksgo

“நாரிம், இது என்ன வார்த்தை?” என்று முன்னால் இருந்தவளைக் கேட்டாள் போமி.

வகுப்பிலேயே ஆங்கிலப் புலி நாரிம்தான். அவள் மூக்கைச் சுருக்கினாள். “டியூஷன்ல மூவாயிரம் வார்த்தை படிச்சிருக்கேன். அதுல இது இல்ல. ஏதாவது ஊர் பேரா இருக்கும்.”

ஊரும் இல்லை, பேரும் இல்லை. இது திருடனின் கேலி என்று போமி முடிவு கட்டினாள். ஓரக்கண்ணால் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள்.

அங்கே கிச்சான் உட்கார்ந்திருந்தான். முதல் வகுப்பிலிருந்து அவளுடைய நண்பன். “இது புலியா, மீசை வச்ச பூசணிக்காயா?” என்று போன வாரம் சிரித்தவன். டேப்லெட்டுகளுக்கு சார்ஜ் போடும் அலமாரியின் சாவியும் போன வாரம் அவனிடம்தான் இருந்தது. இன்றைக்கோ அவன் சிரிக்கவே இல்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன் ஏன் இப்படி உம்மென்று இருக்கிறான்?

போமி பென்சிலை எடுத்து மேசையின் நடுவே ஒரு கோடு போட்டாள்.

“உன் முழங்கை இதைத் தாண்டக் கூடாது.”

“நான் என்ன பண்ணேன்?”

“உனக்கே தெரியும்.”

கிச்சான் முழங்கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். போமியின் சந்தேகம் இன்னும் வலுத்தது.

டீச்சரிடம் சொல்லிவிடலாம். ஆனால் ஓக் டீச்சரின் விதி கறாரானது. அடுத்தவர் டேப்லெட்டைத் தொட்டவரின் டேப்லெட் ஆண்டு முடியும்வரை அலமாரியிலேயே கிடக்கும். கிச்சானோ பாதி படக்கதை வரைந்து வைத்திருந்தான். அதனால் போமி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

அந்த இரண்டு நாளும் டீச்சர் வேறு விசித்திரமாக நடந்துகொண்டார். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டில் தன் பொரித்த இறாலை எடுத்து போமியின் தட்டில் வைத்தார். செவ்வாய்க்கிழமை தன் ஸ்ட்ராபெரி பாலையும் கொடுத்தார். அவள் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவே இல்லை.

‘நான்தான் இன்னும் எதுவும் சொல்லலையே! டீச்சருக்கு ஏன் என்மேல திடீர்ப் பாசம்?’ இறால் ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் போமிக்குச் சந்தேகமாக இருந்தது.

புதன்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

“டீச்சர், ஒரு விஷயம் சொல்லணும். கிச்சான்...”

டீச்சரின் முகம் வெளுத்தது. “இரும்மா போமி, இன்னைக்கு என்ன பாடம்னு எழுதிட்டு வந்துடறேன்.” விரல்களை மட்டுமே பார்த்துக்கொண்டு படபடவென்று தட்டினார். பெரிய திரையில் எழுத்துகள் வந்தன.

dhsmf

வகுப்பே சிரித்தது.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். “அட, கொரியனுக்கு மாத்துற கீயை அமுக்க மறந்துட்டேன்! இங்கிலீஷ்லயே விழுந்திருக்கு.” அழித்துவிட்டு மறுபடி அதே விசைகளைத் தட்டினார். இப்போது கொரிய எழுத்தில் ‘இன்று’ என்று வந்தது.

போமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் விசைப்பலகையைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு விசையிலும் ஓர் ஆங்கில எழுத்து, அதன் அருகிலேயே ஒரு கொரிய எழுத்து. ஏழு விசைகளையும் வரிசையாகத் தேடிக் கொரிய எழுத்துகளைக் கூட்டி வாசித்தாள்.

மி... ஆன்... ஹே.

மன்னிச்சுக்கோ! இப்படித் தட்டுகிறவர் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இடைவேளையில் அவள் டீச்சரிடம் போனாள். “டீச்சர், நீங்க எழுதினதும் இங்கிலீஷ்லதான் விழுந்திருக்கு.”

டீச்சர் அந்த ஏழு எழுத்தையும் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். “அப்போ மூணு நாளா நீ அதைப் படிக்கவே இல்லையா? உனக்கு என்மேல கோபம்னுல்ல நெனச்சேன்!”

“அதுக்குத்தான் இறாலா?”

“ஆமா. போன வெள்ளிக்கிழமை எல்லா டேப்லெட்டையும் சரிபார்த்தேன். ‘அழிக்கவா?’ன்னு கேட்டுது. படிக்காமலே சரின்னு அமுக்கிட்டேன். நேர்ல சொல்ல வெட்கமா இருந்துச்சு. தப்புதான், போமி.”

டீச்சர் அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு தன் டேப்லெட்டைத் தானே அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை நாரிமிடம் கொடுத்தார்.

இனி போமியின் பாக்கி ஒன்றுதான். நெஞ்சு உறுத்தியது. மாற்றும் விசையைத் தொடாமல் ஏழு எழுத்தைத் தட்டி, டேப்லெட்டைக் கிச்சான் பக்கம் திருப்பினாள்.

“ஐயோ, திருடன் மறுபடி வந்துட்டான்!” என்று அலறினான் கிச்சான்.

“கீயைப் பார்த்துப் படிடா, மக்கு!”

அவன் விரல் வைத்துப் படித்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன. “சிரிச்சா நீ என்னைத்தான் சந்தேகப்படுவேன்னு சிரிக்காம இருந்தேன். அப்பவும் சந்தேகப்பட்டுட்டியே!”

போமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “புலியும் போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படி வரையறது?”

“ஏன் முடியாது? வால் இடது பக்கம் வளைஞ்சிருக்கும். வலது காதுல ஒரு கிழிசல். மீசை அந்தப் பக்கம் நாலு, இந்தப் பக்கம் மூணு.”

போமி வியந்து போனாள். “எல்லாம் ஞாபகம் இருக்கா?”

“பின்ன? கேலி பண்ணணும்னா நல்லாப் பார்க்க வேணாமா?”

வரைந்து காட்டக் கையை நீட்டியவன், கோட்டருகே வந்ததும் நின்றுவிட்டான்.

போமி ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை முழுவதும் அழித்தாள். ‘அழிக்கவா?’ என்று அவள் யாரையும் கேட்கவில்லை.