கிணற்றில் விழுந்த குண்டு

உரும்பிராயில் சோமசேகரத்தார் வீடு என்றால் ஒரு மரியாதை இருந்தது. அந்த வீட்டார் பிறர் பொருளைத் தொடமாட்டார்கள், பொய் சொல்லமாட்டார்கள் என்று ஊரில் பெயர். அந்த வீட்டுப் பேத்திதான் நிவேதனா. ஆறாம் ஆண்டில் படிக்கிறாள்.

சோமசேகரத்தார் ஓட்டிய பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் பின்பக்கக் கொட்டிலில் சாக்கு மூடிக் கிடந்தது. அதை மறுபடியும் ஓடவைக்க வேண்டும் என்று நிவேதனாவின் அப்பா பார்த்தீபனுக்கு ஆசை பிடித்துவிட்டது. எஞ்சினை விறாந்தைக்குக் கொண்டுவந்தார். பழைய கதவு ஒன்றைப் படுக்கவைத்து, அதன்மேல் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். ஆணிகளும் சுருள் வில்லுகளும் சமையலறைப் பீரிஸ்களில் மண்ணெண்ணெயில் குளித்தன.

"வீட்டிலை ஒரு பீரிஸும் மிச்சமில்லை. இனி வாற ஆக்களுக்குத் தேத்தண்ணிக் கோப்பையை எதிலை வைச்சுக் குடுக்கிறது?" என்று அம்மா ஜெயகௌரி கேட்டார்.

"கொஞ்ச நாள் பொறும். பிறகு இந்த மோட்டச்சைக்கிளிலேயே உம்மைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"நான் பஸ்ஸிலை போறன்."

ஒரு பீரிஸில் ஒரேயொரு இரும்புக் குண்டு மட்டும் இருந்தது. விளையாடும் போளையைவிடச் சிறியது. முகம் பார்க்கலாம் போல மினுங்கியது.

"உது ஒயிலுக்குக் காவல்காரன். இஞ்சின் நிக்கிற நேரத்திலை ஒயில் கீழை இறங்காமல் மறிச்சுக்கொண்டிருக்கும்" என்றார் அப்பா.

பக்கத்து ஒழுங்கையிலிருந்து எஞ்சின் பார்க்க வந்த தனுசியா யோசித்தாள். அவள் வகுப்பில் நிவேதனாவோடு ஒரே வாங்கில் இருப்பவள்.

"அப்ப அது நித்திரையே கொள்ளாதோ, மாமா?"

அப்பா சிரித்ததில் கையிலிருந்த ஆணி கீழே விழுந்தது.

அடுத்த நாள் மத்தியானம் அப்பா யாழ்ப்பாணம் போயிருந்தார். அம்மா குசினியில் நின்றார். நிவேதனா குண்டை எடுத்தாள். போளை அடிப்பதுபோல ஒரேயொரு அடி அடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

கிணற்றடியில் ஒரு பாக்கை வைத்துக் குறி பார்த்துச் சுண்டினாள். குண்டு பாக்கில் படவில்லை. கல்லில் பட்டது. துள்ளியது. 'ப்ளக்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தபோது கிணற்றுத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை விரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்தாள். விறாந்தையில் தனுசியா இருந்தாள்.

"எங்கை போனனீ? உன்னைக் காணேல்லை எண்டு இஞ்சினைப் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள்.

நிவேதனா வெறும் பீரிஸைப் பார்க்காமல் விறாந்தை ஓரத்தில் போய் நின்றாள்.

சிறிது நேரத்தில் அப்பா வந்தார். பீரிஸைப் பார்த்தார். கதவின் கீழே குனிந்து தேடினார்.

"குண்டைக் காணேல்லை" என்று உரத்துச் சொன்னார்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு இராசமலர் மாமியின் தலை தெரிந்தது. "என்ன பார்த்தீபன், குண்டோ? எங்கை கிடக்குது? பொலிசுக்குச் சொல்லுவமே?" அதற்குள் அவர் தப்பி ஓட ஆட்டைக்கூட அவிழ்த்துக் கையில் பிடித்துவிட்டார்.

"அது வெடிக்கிற குண்டில்லை, அக்கா. இஞ்சின் குண்டு."

இராசமலர் மாமி பெருமூச்சு விட்டார். ஆனாலும் என்ன நடக்கிறது என்று பார்க்க அங்கேயே நின்றார்.

அம்மா தனுசியாவைப் பார்த்தார். "பிள்ளை, நீதானே இவ்வளவு நேரமும் இதிலை இருந்தனீ? கை கிய் வைச்சனியோ?"

"இல்லை, மாமி."

"வடிவா யோசிச்சுச் சொல்லு. எங்கடை வீட்டிலை ஒருத்தரும் கேளாமல் ஒரு சாமானையும் தொடமாட்டினம்."

தனுசியா தன் துணிப்பையை நிலத்தில் கவிழ்த்தாள். ஒரு கொப்பி, ஒரு பென்சில், பாதி கடித்த மாங்காய். மாங்காய் உருண்டு நிவேதனாவின் காலடியில் வந்து நின்றது. குனிந்து அதை எடுக்க நிவேதனாவால் முடியவில்லை.

"விடும், ஜெயகௌரி. சின்னப்பிள்ளைதானே" என்றார் அப்பா.

அதுதான் எல்லாவற்றிலும் கூடாததாகப் போயிற்று. தனுசியா எடுத்தது உண்மைதான் என்பது போல அந்தச் சொல் ஒலித்தது. தனுசியா பையை எடுத்துக்கொண்டு படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அப்பா சந்தியிலிருந்த சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு பேணிக்குள் கையை விட்டுத் துழாவி, அதே அளவில் ஒரு குண்டை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதைப் பூட்டினார். வேலை முடிந்தது. வீட்டில் யாரும் பிறகு குண்டைப் பற்றிக் கதைக்கவில்லை.

'இனிச் சொல்லி என்ன? குண்டுதான் கிடைத்துவிட்டதே' என்று நிவேதனா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் தனுசியா வேறு வாங்குக்கு மாறிவிட்டாள். கிணற்றடிக்குப் போனால் நிவேதனாவுக்கு உள்ளே எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஒருநாள் கடை வாசலில் இராசமலர் மாமி யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. "அந்தப் பெட்டை வந்தால் சாமானுகளை எடுத்து உள்ளை வையுங்கோ. சொல்லிப்போட்டன்."

நிவேதனாவின் காது சுட்டது. சீனி வாங்கப் போனவள் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள்.

எஞ்சின் மறுபடி மோட்டார் சைக்கிளில் ஏறிய நாளில் முற்றம் நிறைந்துவிட்டது. அயலவர் எல்லோரும் வந்தார்கள். அம்மா கற்பூரம் கொளுத்தினார். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைக்கக் காலைத் தூக்கினார்.

"அப்பா, உதையாதேங்கோ."

எல்லோரும் திரும்பினார்கள். நிவேதனா மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அந்தக் குண்டை நான்தான் எடுத்தனான். விளையாடேக்கை கிணத்துக்கை விழுந்திட்டுது. தனுசியா தொடவேயில்லை."

அம்மாவின் முகம் சிவந்தது. அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "நாலு சனத்துக்கு முன்னாலை இதென்ன கதை? உள்ளை வா, பிறகு கதைப்பம்."

"அவளையும் ஆக்களுக்கு முன்னாலைதானே கேட்டனீங்கள், அம்மா."

இராசமலர் மாமி ஆட்டைப் பார்ப்பது போல வேறு பக்கம் பார்த்தார்.

அப்பா காலைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"ஜெயகௌரி, வெளிக்கிடும். தனுசியா வீட்டுக்குப் போயிட்டு வருவம்."

மூவரும் ஒழுங்கையால் நடந்தார்கள். சோமசேகரத்தார் வீட்டார் தலை குனிந்து நடந்ததை ஊர் அன்றைக்குத்தான் கண்டது.

தனுசியாவின் வீட்டு முற்றத்தில் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அப்பா எழுந்து கதிரையைக் காட்டினார். பார்த்தீபன் அதில் இருக்காமல் நின்றுகொண்டே பேசினார்.

"பிள்ளை தனுசியா, குண்டை எடுத்தது என்ரை மகள். நாங்கள் உன்னிலை பழியைப் போட்டிட்டம். அண்டைக்கு நான் சொன்ன சொல்லும் பிழை."

அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். பிறகு அவிழ்த்தார். "என்னிலைதான் கூடப் பிழை, பிள்ளை. மனசிலை வைச்சிருக்காதை. அங்கை நிண்ட எல்லாருக்கும் நான் சொல்லுவன்."

தனுசியா ஒரு வெங்காயத்தை எடுத்துச் சருகை உரித்தாள். நிவேதனாவுக்குக் கண் கரித்தது. வெங்காயம் காரணமல்ல என்று அவளுக்குத் தெரியும்.

"நான் சொல்லியிருக்க வேணும். பயத்திலை சொல்லேல்லை" என்றாள்.

"கிணத்துக்கையோ விழுந்தது?" என்று தனுசியா கேட்டாள்.

"ஓம்."

"அப்ப இனி உங்கடை கிணறுதான் ஸ்ராட் வரும்."

முதலில் சிரித்தது தனுசியாவின் அப்பா. பிறகு அம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தனுசியாவையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் திரும்பி வந்தபோது அயலவர் ஒருவரும் போகவில்லை. அம்மா வாக்குக் கொடுத்தபடியே, பிழை தன்னுடையது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இராசமலர் மாமி தானாக வந்து தனுசியாவின் தலையைத் தடவினார். அப்பா உதைத்தார். இன்னும் உதைத்தார். எஞ்சின் இருமியது, முக்கியது, பிறகு ஒழுங்கை முழுவதும் கேட்கப் படபடவென்று பிடித்துக்கொண்டது.

"தனுசியா, நீதான் முதல் ஏறவேணும்" என்று அப்பா கத்தினார்.

தனுசியா பின்னால் ஏறி இருந்தாள். நிவேதனா படலையைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். தனக்கும் ஒரு சுற்று வேண்டும் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

படலையடியில் தனுசியா பார்த்தீபனின் முதுகில் தட்டினாள்.

"கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, மாமா." பிறகு பின்னுக்குத் தள்ளி இருந்துகொண்டு நிவேதனாவைப் பார்த்தாள். "என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? நடுவிலை இடம் கிடக்குது. ஏறு."