வெறுந்தட்டு

தட்டில் ஒன்றும் இல்லை. தராசோ ஒரு கிலோ எண்ணூறு என்று காட்டியது.

லியோன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெளியே மழை அவருடைய தராசு திருத்தும் கடையின் தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. கூட்ஸ்செட் பஸ் நிலையத்துப் பக்கமிருந்து பஸ்காரர்களின் கூவல் நனைந்து தேய்ந்து வந்தது. எப்போதும் எண்ணெயும் பித்தளையும் மணக்கும் அறையில் இப்போது வேறொரு வாடை. புளித்த பால். ஈரத் துணி.

குழந்தைகளை நிறுக்கும் தராசு அது. மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றின் கிளினிக்கிலிருந்து மிட்வைஃப் அஷ்வினி காலையில்தான் தூக்கி வந்து மேசையில் வைத்தாள்.

“முந்நூறு கிராம் கூடக் காட்டுது, சேர். ரெண்டு கிலோ நூறுன்னு அட்டையில எழுதி, புள்ளைய லயத்து வீட்டுக்கே அனுப்பிட்டேன். ரெண்டு கிலோவுக்குக் கீழன்னா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். சரிபாத்தாச்சுன்னு நீங்க ஒட்டுன ஸ்டிக்கரத்தான் நம்புனேன்.”

“புள்ள இப்ப...?”

“நாலாம் நாள் போயிருச்சு. நாளைக்கு விசாரணை. மூணு தலைமுறைன்னு பலகை மாட்டியிருக்கீங்களே, ஒருத்தராச்சும் படிக்கல்லு வச்சுப் பாத்தீங்களா?”

அவர் பார்க்கவில்லை. போன மாதம் அந்தத் தராசைச் சரிபார்க்கப் போனபோது, முழங்கால் வலியில் படிக்கல் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு மலையேறியிருந்தார். அதை அங்கிருந்த டொக்டரிடம் சொல்வதா? வெறுந்தட்டைப் பூச்சியத்துக்கு வைத்தார். தகப்பனார் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டினார். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இறங்கினார்.

இன்று அஷ்வினி போனதும் படிக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி அந்த முந்நூறு கிராமைத் துடைத்தெடுத்தார். பிறகு தாளை இழுத்து, போன மாதத் தேதி போட்டு எழுதினார்: தராசு சரியாகவே இருந்தது. பிழை மிட்வைஃபின் தலையில் விழும். குடும்பத்தின் பெயர் தப்பும். கையெழுத்திடும்போது காதுமடல்வரை சுட்டது.

பேனாவை மூடித் திரும்பியபோதுதான் தராசு அந்த எண்ணைக் காட்டியது. ஒரு கிலோ எண்ணூறு. அட்டையில் எழுதியதிலிருந்து முந்நூறு போனால் மிஞ்சுவது.

தட்டில் விரித்திருந்த துணியில் ஒரு பள்ளம். பச்சைக் குழந்தையின் குதிகால் அளவு.

பூச்சியப் பொத்தானை அழுத்தினார். எண்கள் விழுந்தன. பள்ளம் நிமிர்ந்தது.

இடது கை கனத்தது.

முழங்கை தானாக மடங்கியது. மடிப்பில் சூடு. ஈரம். ஒரு சின்ன மூச்சு சட்டைப் பொத்தானில் பட்டது. நின்றது. பட்டது.

“அப்பா, தேத்தண்ணி.” மகள் ஷிரோமி வாசலில் நின்றாள். “ஏன் கைய அப்புடி மடக்கி வச்சிருக்கீங்க?”

சொல்லிவிடலாம். வாயும் திறந்தது. மேசையில், தகப்பனார் பெயருக்குக் கீழே, மை இன்னும் காயவில்லை.

“சும்மாதான்.”

ஐம்பது வருடம் நிறை பார்த்த கை. அதற்குத் தராசு வேண்டியதில்லை.

ஆயிரத்து எழுநூறு கிராம். ஆயிரத்து அறுநூறு. கைக்குள் இருந்தது மெலிந்துகொண்டே வந்தது.