பதினொரு படிகள்

மழைக்கு ஒதுங்கத்தான் ஓடினாள் ரோனா. கையில் ரொட்டித் தட்டு. எதிரே, கலைக்கூடத்துத் தூண்களுக்கு நடுவிலிருந்து, சுருட்டிய வரைபடங்களை மார்போடு அணைத்தபடி ஒருவன் பாய்ந்து வந்தான்.

மோதிய வேகத்தில் ரொட்டிகள் சேற்றில் உருண்டன. வரைபடம் ஒன்று சாக்கடையில் படகாகப் போனது.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுதுங்க... ரொட்டிதான் முதல்ல தெரிஞ்சுது. அதுக்குப் பின்னால ஆளு இருக்கறது தெரியல."

"இப்ப கட்டட வேலைக்காரங்களுக்கு என்னத்தக் குடுக்கறது?"

"என்னைக் குடுத்துடுங்க. பசியில கடிச்சுத் தின்னட்டும்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கின்கார்வி ஊரில் வானம், தெரு, வீடு எல்லாமே ஒரே சாம்பல் நிறம். அவன் கண்கள் மட்டும் மலை ஓடைத் தண்ணீர் போலப் பழுப்பாக... மழையில் நனைந்த இமைகளோடு... சே, என்ன பார்வை இது என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் பெயர் இன்னஸ். கட்டடக் கலைஞர் டால்கார்னோவிடம் வரைபடம் போடுகிறவன். நாற்பது வருடப் பழைய கலைக்கூடத்தை ஒட்டி, போரில் இறந்த ஊர்ப் பையன்களுக்காக ஒரு நினைவு மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முகப்பு இவன் கையால் வரைந்தது.

மழை விடும்வரை அவளை உள்ளே கூட்டிப்போனான்.

"இந்தத் தூணைத் தொட்டுப் பாருங்க."

இளஞ்சிவப்புக் கல், கன்னம் போல வழவழத்தது. அடுத்தது நீலச் சாம்பல். அதற்கடுத்தது கறுப்பில் மின்னும் புள்ளிகள். ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு மலையிலிருந்து வந்த கிரானைட் என்றான். தினமும் ரொட்டியோடு இந்தத் தெருவைக் கடந்தவள், ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. அப்பால், கூரை முடியாத மண்டபத்தின் வட்டத் திறப்பு வழியாக மழை நேராக நடுவில் இறங்கியது.

"இது மேல குவிமாடம் வரும். சுத்தி எல்லாப் பேரும் செதுக்குவோம். வாசல்ல பதினொரு படி. கீழேருந்து பாத்தா கோயில் மாதிரி இருக்கும்."

"பதினொண்ணா?"

"ஆமா. ஏன்?"

"எங்கண்ணனோட படிச்ச மூணு பேர் இந்தச் சுவத்துல இருப்பாங்க. எங்கண்ணன் திரும்பி வந்தான்... காலு ரெண்டும் வரல. அவன் எப்படி ஏறுவான்?"

அந்தப் பழுப்புக் கண்கள் தரையைப் பார்த்தன.

"ஒரு ஓரமா சரிவுப் பாதை வைக்கலாம்," என்றான் கடைசியில். "டால்கார்னோகிட்ட நான் கேக்கறேன்."

கோடை முழுக்க அந்த இளஞ்சிவப்புத் தூண்தான் அவர்கள் சந்திக்கும் இடம். பக்கத்து மண்டபத்தின் வாசலைச் சாரமும் சாக்குத் திரையும் மறைத்திருந்தன. அவள் மாவு படிந்த கையால் ரொட்டி நீட்டுவாள். அவன் மை படிந்த கையால் வாங்குவான். விரல்கள் வாங்கி முடிக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்...

"கேட்டீங்களா?"

"கேட்டேன். யோசிக்கறாராம்."

அடுத்த வாரமும் அதே கேள்வி. "சரின்னுதான் சொல்வாரு போல," என்றான்.

ரோனா நம்பினாள். ஆறு வருடமாக வீட்டை விட்டு வெளியே வராத அண்ணன் ஆலிக்கிடம் போய்ச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு, பெட்டியில் கிடந்த பழைய கோட்டு ஒன்றை எடுத்துத் தூசி தட்டச் சொன்னான். திறப்பு விழா நெருங்க நெருங்க, காலையில் தானே சவரம் செய்துகொள்ளத் தொடங்கினான்.

விழா நாளன்று நல்ல மழை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முனை திரும்பிய ரோனா நின்றுவிட்டாள்.

பதினொரு படிகளும் ஈரத்தில் பளபளத்தன. சரிவுப் பாதை எங்கும் இல்லை.

விழாக் குழுவின் ஆள் ஒருவர் குடையோடு இறங்கி வந்தார். "ரெண்டு பேரை விட்டுத் தூக்கச் சொல்றேன் ஆலிக். இல்லேன்னா பின்னால கரி இறக்கற வாசல் இருக்கு."

"மூட்டைய எந்த வழியா எடுத்துட்டுப் போனா என்னங்கறீங்களா?" என்றான் ஆலிக் அமைதியாக. "வேண்டாம் ஐயா. முழுசா செத்தவங்களுக்குக் கட்டினது. நான் பாதிதான் செத்தேன்."

உள்ளே எக்காளம் ஊதினார்கள். ஊரே குவிமாடத்தின் கீழே நின்றது. ஆலிக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தான். அப்போது இன்னஸ் மட்டும் கதவைத் திறந்துகொண்டு படியிறங்கி வந்தான். ரோனா நாலடி முன்னால் போனாள்.

"டால்கார்னோ முடியாதுன்னுட்டாரா?"

"இல்ல ரோனா... நான் கேக்கவே இல்ல."

அவள் அவனையே பார்த்தாள்.

"முதல் வரைபடத்துல சரிவு இருந்துச்சு. நானேதான் வரைஞ்சேன். முகப்பு அழகு கெடுதுன்னாரு. வாயத் தொறக்காம ரப்பர எடுத்து அழிச்சேன். உன்னைப் பாக்கறதுக்கு முன்னாடி அது. பாத்ததுக்கு அப்புறம்... தினமும் அவரு அறை வாசல் வரைக்கும் போவேன். வேலை போயிடுமோன்னு திரும்பிடுவேன். உண்மையச் சொன்னா நீ வராம போயிடுவியோன்னு... உன்னை அவ்வளவு விரும்பறேன் ரோனா."

இந்த வார்த்தைக்காகத்தான் கோடை முழுக்கக் காத்திருந்தாள். வந்தது. ஆனால் வந்தபோது வாயெல்லாம் கசந்தது.

"நானும்தான்," என்றாள். "தூக்கத்துல கூட உன் முகம்தான். ஆனா... இனி ரொட்டியோட வேற ஆளு வரும்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் திரும்பி நாற்காலியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கிவிட்டாள். பாலத்தின்மேல் ஆலிக் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினான். அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"நான் அவனை மன்னிச்சுட்டேன் ரோனா. பயம்னா என்னன்னு எனக்குத் தெரியும். நீயும் மன்னிச்சிருக்கலாம்."

"உனக்கு அது சுலபம்ணா," என்றாள் அவள். மழையோடு மழையாகக் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. "உன் கண்ணைப் பாத்துக்கிட்டு அவன் பொய் சொல்லல."